தண்ணிக்கு இறங்கிப் போனவர்

பொங்கல் கூட்டம் வடிந்துபோன ஒரு முற்பகலில், ரங்கநாதன் தெருவில் சேலை மூட்டையோடு நடந்துகொண்டிருந்த பேச்சியம்மாள், மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஊதிய சத்தம் கேட்டுத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள்.

கால் தடுக்கி விழவில்லை, மயக்கமும் இல்லை. மூட்டையைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு, முழங்காலை மார்போடு மடக்கி, "ஷட்டர எறக்குங்க, ஷட்டர எறக்குங்க" என்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒன்றும் புரியாமல் தன் கடை ஷட்டரை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"இன்னாமா ஆச்சு? காக்கா வலிப்பு போல கீது, கைல சாவி குடு" என்றான் ஒருவன்.

அவளுக்குச் சேலை ஓரம் தைக்கக் கொடுக்கும் ஜவுளிக் கடை முதலாளி சுயம்புலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். அவளைக் கடைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, ஜாம்பஜாரில் கீரை விற்கும் அவள் நாத்தனார் வேலம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

"இது மூணாவது தடவ. சேல எங்கயும் போவாது. மொதல்ல இந்தப் புள்ளய ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார், வேலம்மா வந்ததும்.

வேலம்மா அந்தப் பட்டணத்துக்கு வந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்தபோது, இந்தியப் பங்கில் விழுந்து, பாஸ்போர்ட்டோடு முறையாகக் கப்பல் ஏறி வந்தவள். புருஷன் இங்கே வந்து மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கீரைக்கூடை அவளைக் காப்பாற்றியது. அவளுடைய ஒரே தம்பி ராஜரத்தினம் குருநாகலில் தையல் கடை வைத்திருந்தான். அவனும் அவன் பெண்சாதி பேச்சியும் இந்தியப் பிரஜைகளாக மனுப் போட்டுவிட்டு, கூப்பிடுவார்கள் என்று வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடுவதற்குள் எழுபத்தேழு ஆவணியில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்துவிட்டது. கடை எரிந்தது. ரயிலேறி வடக்கே தப்பி வந்த இருவரில் ஒருத்திதான் வந்து சேர்ந்தாள். வவுனியாவில் அகதிகளைத் தங்கவைத்த ஒரு பள்ளிக்கூடத்தில் பல வாரம் படுத்திருந்து, யாரோ வாங்கிக்கொடுத்த தற்காலிகப் பயணத் தாளோடு ஐப்பசியில் ராமேசுவரம் வந்து இறங்கினாள். தாளில் ஆறு மாதம் தங்கலாம் என்று இருந்தது.

"தம்பி எங்கடி?" என்று வேலம்மா கேட்டபோது பேச்சி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தண்ணி புடிக்க எறங்குனாக மதினி. கோச்சி கெளம்பிருச்சு. பெறகு காணல."

அன்றிலிருந்து வேலம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடியலில் தலைக்குக் குளித்து, எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய், ராமேசுவரத்திலிருந்து வரும் ரயிலை ஒரு பெட்டி விடாமல் பார்த்துவிட்டு வருவாள். பேச்சி உடன் போனதில்லை. ஸ்டேஷன் என்றாலே அவளுக்குக் கைகால் விறைத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, லஸ் பக்கத்தில் ஒரு தர்ம வைத்தியசாலையின் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே நஸ்ருன்னிசா என்ற டாக்டரம்மா மனசுக்கு வைத்தியம் பார்ப்பாராம்.

"பைத்தியத்துக்குப் பாக்குறவங்களா? எங்க வூட்ல அதெல்லாம் கெடையாது" என்று வேலம்மா முதலில் மறுத்தாள். அன்றிரவும் பேச்சி அலறி எழுந்தபின் மறுபடி மறுக்கவில்லை.

டாக்டர் நஸ்ருன்னிசா ராயப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் உருது, வெளியில் தமிழ். பெங்களூரில் போய்ப் படித்தவர். நாற்பது வயதிருக்கும். ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை, நாடி பிடிக்கவும் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, தெருவைப் பார்த்த ஜன்னல். வேலம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சியிடம், "எந்த நாற்காலி வேணும்?" என்று கேட்டார். பேச்சி சுவரோரம் கிடந்ததை எடுத்துக் கதவைப் பார்க்கப் போட்டுக்கொண்டாள்.

முதல் சில வாரங்கள் டாக்டரம்மா ஊரைப் பற்றியும் தையலைப் பற்றியும்தான் கேட்டார். குருநாகலில் மழை எப்போது பெய்யும், காஜா எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று. பேச்சி சொல்லச் சொல்ல, அவள் மூச்சு வாங்கும் இடம் எது, குரல் கம்மும் இடம் எது என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம் கோச்சி ஏறுனோம்" என்றாள் ஒருநாள். அதோடு வாய் அடைத்துக்கொண்டது.

"கோச்சின்னா?"

"ரயிலுங்க. எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்லுவோம்."

"சரி, கோச்சி வேண்டாம் இன்னைக்கு. இப்ப நீங்க எங்க இருக்கீங்க, சொல்லுங்க?"

"மயிலாப்பூர்ல."

"ஆமா. காலை நல்லாத் தரையில ஊனி வையுங்க. இந்த ரூம்ல உங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. இங்க நீங்க பத்திரமா இருக்கீங்க."

பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பங்குனி வரைக்குந்தானே டாக்டரம்மா?" என்றாள்.

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. தாளில் போட்டிருந்ததைத்தான் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு முகம் என்னமோ போலாகிவிட்டது. மேஜையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாததைச் சொல்லிட்டேன்" என்றார்.

படித்தவர் ஒருவர் தன்னிடம் அப்படிச் சொல்லிப் பேச்சி கேட்டதில்லை. அந்த அறையில் அவள் சற்றே சாய்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பங்குனி நெருங்கியது. வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்யும் ஆபீசில் தனபாலன் என்ற அதிகாரி இருந்தார். கடுமையான மனிதர் அல்ல. அவளை நிற்கவைத்துப் பேசவில்லை.

"மனு உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கும்மா. நீங்க அவர் குடும்பம்னுதான் பதிவு. அவர் வந்து கையெழுத்துப் போட்டா மேற்கொண்டு நகத்தலாம்."

"அவுகளக் காணலையே சார்."

"காணலைன்னா எழுத எடம் இல்லியே. ஒண்ணு, அவர் இருக்கார், வருவார். இல்ல, அவர் தவறிட்டார், இது விதவை கேசு, தனியா எடுத்துக்கலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இருக்காரா, இல்லையா?"

பேச்சி வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற வேலம்மா முந்திக்கொண்டாள். "இருக்கான் சார். என் தம்பி வந்துருவான். வாயக் கழுவுங்க."

தனபாலன் பெருமூச்சு விட்டார். டாக்டர் நஸ்ருன்னிசா எழுதிக்கொடுத்த சான்றைப் பார்த்து, சிகிச்சை நடப்பதால் பிரயாணம் செய்ய முடியாது என்ற காரணத்தில் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கொடுத்தார். "அடுத்த தடவ இது போதாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரத்திலிருந்து பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் நெற்றிக்குப் பொட்டு வைக்கக் கண்ணாடி முன் நின்றால் குங்குமச் சிமிழைத் திறந்து திறந்து மூடினாள். வேலம்மா பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதற்காகவே பெரிதாக வைத்துக்கொண்டாள். வீட்டில் இருக்க வேண்டுமானால் அவர் உயிரோடு இருக்க வேண்டும். ஊரில் இருக்க வேண்டுமானால் அவர் செத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தாள்.

ஆடி மாதம், வெயிலும் காற்றுமாக இருந்த ஒரு பிற்பகல். மாடி ஜன்னல் கதவு காற்றில் படாரென்று அடித்தது. பேச்சி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே படுக்கவில்லை.

"சாத்தட்டுமா?" என்று டாக்டரம்மா எழுந்தார்.

"வேணாங்க. தெறந்தே இருக்கட்டும்" என்றாள் பேச்சி. பிறகு ஜன்னலையே பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள்.

"எனக்கு நல்ல காய்ச்சல். ரெண்டு தரம் வாந்தி. பெட்டியில நிக்க எடமில்ல, அம்புட்டு சனம். எல்லா ஷட்டரையும் எறக்கி வச்சிருந்தாக, வெளிய தெரியக் கூடாதுன்னு. பொகையும் வேர்வையும்... நாக்கு ஒட்டிக்கிச்சு. தண்ணி வேணும்னேன். நாந்தான் கேட்டேன். சின்ன ஸ்டேஷன் ஒண்ணுல கோச்சி நின்னுச்சு. அவுக சோடாப் போத்தல எடுத்துக்கிட்டு எறங்குனாக. போவாதீகன்னு ஒரு கெழவர் கூடச் சொன்னாரு. இந்தா வந்துர்றேன்னு போனாக."

நிறுத்தினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஷட்டர ஒரு சாண் தூக்கிப் பாத்தேன். கொழாய் அந்தக் கோடியில. அவுக ஒரு வாய் குடிக்கக்கூட இல்லீங்க. போத்தல ரொப்பிக்கிட்டுத் திரும்புனாக. சாமான் கொட்டகைப் பக்கமிருந்து ஆளுங்க வந்தானுவ. ஒருத்தன் என்னமோ கேட்டான். இவுக சிரிச்சிக்கிட்டே பதில் சொன்னாக. அவுகளுக்குச் சிங்களம் நல்லா வரும், கடைக்கு எல்லாரும் வருவாகல்ல. பொறவு... பின்னாடி இருந்து ஒருத்தன் அடிச்சான். தலையில. போத்தல் கீழ விழல. கையிலயே புடிச்சிருந்தாக. விழுந்த பெறகும் அடிச்சானுவ. கோச்சி கூவிச்சு. கூவிட்டுக் கெளம்பிருச்சு. ஷட்டரு எறங்கிருச்சு."

"அவர் உடம்பு அசைஞ்சதா?"

"இல்ல."

டாக்டரம்மா மெல்லக் கேட்டார். "ஷட்டரை யார் இறக்கினாங்க?"

"தெரியலீங்க." பேச்சி தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்திப் பார்த்துக்கொண்டாள். "நானாக்கூட இருக்கும்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக வராத அழுகை. டாக்டரம்மா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டு, அவளைப் போலவே கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். உன் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. அழுது முடியும் வரை வெளியே காத்திருந்தவர்களைக் காக்கவைத்தார்.

போகும்போது கேட்டார். "வேலம்மாவுக்குத் தெரியுமா?"

"எப்பிடிங்க சொல்றது? ஞாயித்துக்கெழம ஆனாத் தல முழுகிட்டுப் போறாங்களே."

"சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். ஆபீசுக்காகச் சொல்ல வேண்டாம். அது மட்டும்தான்."

பேச்சி மூன்று நான்கு வாரம் அதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். வேலம்மாவின் கால் வீங்கியிருந்தது. அந்தக் காலோடு பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு வந்து, "இன்னைக்கும் இல்லடி. ஒருத்தன் பின்னால இருந்து பாத்தா அவன மாதிரியே இருந்தான்" என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்வாள். ஆவணியில் ஒரு ஞாயிறு, வேலம்மா கிளம்பும்போது பேச்சியும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள்.

"நீ எங்கடி வர்ற? அங்கப் போயி வுழுந்து வச்சா நான் இன்னா பண்ணுவேன்?"

"விழ மாட்டேன் மதினி."

எழும்பூரில் ரயில் உள்ளே வரும்போது பேச்சி ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. எழும்பூர், எழும்பூர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜனங்கள் இறங்கினார்கள். மூட்டைகள், பாய்கள், தலைமொட்டை அடித்த குழந்தைகள். வேலம்மா நொண்டி நொண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிளாட்பாரம் காலியாகி, கூட்டுகிறவர்கள் வாளியோடு பெட்டிக்குள் ஏறிய பிறகு, பேச்சி அவளை ஒரு பெஞ்சுக்குக் கூட்டிப் போனாள்.

"மதினி, அவுக வர மாட்டாக. நான் பாத்தேன்."

டாக்டரம்மாவிடம் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னாள். வேலம்மா வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"பாத்துக்கிட்டு உள்ளாறயே குந்திக்கினு இருந்தியாடி?"

ஒரு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் பேச்சி தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. பிறத்தியார் வாயிலிருந்து கேட்க எப்படி இருக்கும் என்று பயந்திருந்தாள். "ஆமா மதினி" என்றாள்.

வேலம்மா எழுந்து தனியாகவே நடந்து போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு போட்டு மூடிவைத்திருப்பாள், கூப்பிட மாட்டாள். அடுத்த ஞாயிறு தலை முழுகவில்லை, கீரைக்கூடையோடு கிளம்பிவிட்டாள். அதற்கடுத்த வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கெழம அமாவாச. சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் காரியம் நடந்தது. உடம்பில்லாத காரியம். தர்ப்பையில் ஆள்போல ஒன்று செய்து வைத்திருந்தார்கள். பேச்சியின் பொட்டை அழிக்க வேறு சொந்தம் யாரும் இல்லை. வேலம்மாதான் ஈரத் துணியை எடுத்தாள். துணி நெற்றியில் பட்ட இடத்திலேயே நின்றது.

"தண்ணி குடிச்சானாடி? போறதுக்கு முன்னால ஒரு வாயாச்சும் குடிச்சானா?" என்று கேட்டாள்.

"குடிச்சாக மதினி. கை நெறையப் புடிச்சு, மூஞ்சியக் கழுவிக்கிட்டு, வவுறு நெறையக் குடிச்சாக."

வேலம்மா தலையை ஆட்டினாள். பிறகு அழுத்தி, ஒரே துடைப்பாகத் துடைத்தாள். இருவரும் அலை வந்து நனைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த முறை மாடிக்குப் போனபோது பேச்சி இதைச் சொன்னாள். "பொய் சொல்லிட்டேன் டாக்டரம்மா."

நஸ்ருன்னிசா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புரட்டாசி முடிவில் பேச்சி தனபாலன் முன்னால் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் வாக்குமூலமாகச் சொன்னாள். அங்கே பொய் சேர்க்கவில்லை. அவர் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். இடையில் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை. இது கொழும்புக்குப் போய்ப் பதில் வர வேண்டும், அதுவரை இன்னொரு ஆறு மாதம் தருகிறேன் என்றார்.

பதில் மாசியில் வந்தது. இரண்டு பெண்களையும் வரச்சொல்லியிருந்தார். வேலம்மா இப்போது பேச்சியோடு பேசிக்கொண்டிருந்தாள். முன்போல இல்லை, ஆனால் பேசினாள்.

தனபாலனுக்கு அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மேஜைமேல் இருந்த காகிதத்தை நேராக்கினார், மறுபடி நேராக்கினார். "கலவரத்துல இறந்தவங்க பேர்ல ராஜரத்தினம்னு யாரும் இல்லேன்னு எழுதியிருக்காங்கம்மா. உடலும் கெடைக்கலியாம். அதனால அவங்க சர்டிபிகேட் தர மாட்டாங்க. அவங்க பதிவுல அவர் இன்னும்..." என்று நிறுத்தினார்.

வேலம்மா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். முகத்தில் ரத்தம் ஏறியது. "அப்ப உசுரோடதான் கீறானா? சார், கெவருமெண்டே சொல்லுதா? கேட்டியாடி பேச்சி! உனக்குக் காய்ச்சலு. கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது. அது வேற யாரோ..."

அந்தக் கணத்தில் பேச்சிக்கும் ஒரு தடுமாற்றம் வந்தது. காய்ச்சல்தானே? ஒரு சாண் இடைவெளிதானே? நெற்றியில் பொட்டு இருந்த இடம் குறுகுறுத்தது. அவரை மறுபடி உயிரோடு வைத்துக்கொள்ள ஒரு அரசாங்கமே இடம் கொடுக்கிறது. வேலம்மாவின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

பேச்சி காலைத் தரையில் ஊனிக்கொண்டாள்.

"இல்ல மதினி. அவுகதான். நீல கோடு போட்ட சட்ட, நாந்தான் காஜா எடுத்தேன். செத்துட்டாக."

வேலம்மா அப்படியே அவள் தோளில் சரிந்தாள். எழும்பூரிலும் வராத, கடற்கரையிலும் வராத அழுகை அந்த ஆபீசில் வந்தது. வரிசையில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தனபாலன் யாரையும் விரட்டவில்லை, அவர்களையும் எழுப்பவில்லை. பேச்சி நாத்தனாரின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்த வருஷம் பிரஜா உரிமை கிடைக்கவில்லை. அடுத்த வருஷமும் கிடைக்கவில்லை. ஊரார் கண்ணுக்கு அவள் விதவை, காகிதத்தில் சுமங்கலி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் இன்னொரு ஆறு மாதம் வாங்கி வந்தாள். ரயில் ஊதினால் இப்போது படுப்பதில்லை. நின்று, மூச்சை இழுத்துவிட்டு, நடந்துவிடுவாள். பெரும்பாலான மாதங்களில் நன்றாகவே தூங்கினாள். தவணை முடிகிற மாதம் வந்தால் மட்டும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அலறல், விறைப்பு, தொண்டைக்குள் இறங்காத சோறு.

"இது எப்ப டாக்டரம்மா போவும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆபீஸ்ல நீங்க இங்கயே இருக்கலாம்னு சொன்ன பிறகு பார்க்கலாம் பேச்சி" என்றார் நஸ்ருன்னிசா. தன்னால் முடியாததைச் சொல்லக்கூடாது என்று அவர் கற்றுக்கொண்டு வெகுநாள் ஆகியிருந்தது. "அதுவரைக்கும் தவணை முடியற மாசத்துல வாரம் ரெண்டு தடவை வாங்க."

"சரிங்க" என்று பேச்சி எழுந்தாள். கீழே தெருவில், வெயில் தாழட்டும் என்று வேலம்மா கூடையை இறக்கிவைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.